ஐந்தாவது லிட்டர்

தண்ணீர் ஆறு மணி நேரம் தூங்க வேண்டும்.
விதி அது.
முந்தின இரவு மூடிய குழாயை
விடியும்வரை தொடக் கூடாது,
கை கழுவக் கூடாது, கழிப்பறையில் நீர் இழுக்கக் கூடாது.
தூங்குவதை எழுப்பாமல்
முதல் லிட்டரைப் பிடித்து
என்னிடம் தர வேண்டும்.

காலை ஐந்து நாற்பது. வெளியே மைனஸ் பதினெட்டு.
மிச்சிகன் ஏரி கரையோரம் உறைந்து
உடைந்த தட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறது.
கெல்னர் தெரு, 2217, கீழ்ப் போர்ஷன்.
மாய் சீ வாங் கதவைத் திறக்கிறாள்.
தொத்திறைச்சி ஆலையில் இரவு ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டுக்
குழாய்க்குக் காவல் இருந்தவள்.
யாரும் மறதியில் திறந்துவிடாதபடி
கைப்பிடியில் துணி சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறாள்.

முதல் புட்டி நிரம்புகிறது.
படிவம் கேட்பது அவ்வளவுதான்.
முன்பு அதையும் கேட்டதில்லை.
"மாதிரி எடுக்குமுன் ஐந்து நிமிடம் ஓடவிடவும்" என்று
ஒரு வரி இருந்தது.
பதினோரு வருடம் அதை வீடு வீடாக வாசித்துக் காட்டினேன்,
மரியாதையான குரலில்.
ஊருக்கே தண்ணி காட்டுவது
எவ்வளவு சுலபமாக இருந்தது!

ஏரி நல்லது.
சுத்திகரிப்பு நிலையத்தில் பிடித்தால் பளிங்கு.
தெருவுக்கடியில் வார்ப்பிரும்பு, அதுவும் பரவாயில்லை.
தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் கடைசி நாற்பதடி
(கட்டைவிரல் தடிமன், தொண்ணூற்றைந்து வயது)
அங்கேதான் இரவெல்லாம் தண்ணீர் படுத்துக் கிடக்கிறது,
காரீயத்தோடு ஒரே பாயில்.

ஈயம்.
பெயரிலேயே கொடை.
கேளாமல் ஈயும்.
நிறம் காட்டாது, ருசி காட்டாது,
கொதிக்க வைத்தால் போகாது, சுண்டச் சுண்டச் செறியும்.
பிள்ளை எலும்பு அதைச் சுண்ணாம்பென்று நம்பி
வாங்கி வைத்துக்கொள்ளும்.

பையில் பத்துப் புட்டிகள் இருக்கின்றன.
ஒன்று போதும் என்றிருந்தும் நிறுத்தவில்லை நான்.
இரண்டு, மூன்று, நான்கு.
மேலாளர் கேட்டால் எண்ணிக்கை பிசகியது என்பேன்.
ஐந்து.

பிறகு நிலவறை.
அவள் அக்கா மகன் கோங் மெங் டார்ச் பிடிக்கிறான்.
சுவரிலிருந்து குழாய் வெளிவரும் இடத்தில்
காந்தத்தை வைத்தேன், விழுந்தது.
சாவியால் சுரண்டினேன்.
சாம்பல் தோலுக்கடியில் புதுக்காசு மாதிரி மின்னியது.
"வெள்ளியா?" என்றான்.
முகமெல்லாம் சிரிப்பு.

ராத்திரி மூன்று மணிக்குக் கைக்குழந்தை அழுததாம்.
குழாயைத் திறக்கக் கூடாதே.
பனியில் நடந்து பெட்ரோல் பங்கில்
ஒன்றே முக்கால் டாலருக்குப் பாட்டில் தண்ணீர் வாங்கிப்
பால் பவுடர் கரைத்தாளாம்.
"உங்க டெஸ்ட்டை ஒன்றும் கெடுத்துவிடவில்லையே?"
என்கிறாள் என்னிடம்.
பிறந்த ஏழு மாதத்தில்
அந்தக் குழாயிலிருந்து அவன் குடிக்காத
ஒரே இரவு அது.

ஒன்பதாம் நாள் தாள் வந்தது.
முதல் லிட்டர், மூன்று.
ஐந்தாவது, அறுபத்தொன்று.
நூறு கோடிப் பங்கில் அறுபத்தொன்று;
பதினைந்தைத் தாண்டினால் நடவடிக்கை.
படிவத்தில் ஒரே ஒரு கட்டம்.
மூன்று என்று நிரப்பினேன்.
பிறகு கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்,
தாள் கிழிகிற அளவு அழுத்தி
61.
பிறகு அவளுக்கு ஃபோன் செய்தேன்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.
பகலில் தூங்குகிறவள்.

என் வீடு 1926இல் கட்டியது.
ஆபீஸ் அட்டையில் என் முகவரிக்கு நேரே
"குழாய்: தெரியவில்லை."
ஐந்து நிமிடம் ஓடவிட்டுத்தான்
தினமும் கெட்டிலை நிரப்புகிறேன்.
சாவி கோட்டுப் பையிலேயே இருக்கிறது,
அதன் பல்லில் கொஞ்சம் மினுமினுப்பு.
நிலவறைக்குப் பதினான்கு படி.
இன்னும் இறங்கவில்லை.